பங்கிலாபம் வரேல்லை எண்டு வித்துப்போடாதேங்கோ

ஜேர்மனியில இருக்கிற என்ர மச்சான் (மனிசியின்ர தம்பி) போன கிழமை எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில ஒரு குரல் பதிவு போட்டவர். சரியான கோவம்.

"அத்தான், அஞ்சு வருசமா மாதாமாதம் காசு போடுறன். இண்டுவரைக்கும் ஒரு சதம் டிவிடென்ட் வரேல்லை. என்னோட வேலை செய்யிற பெடியனுக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வருது. நான் இதை வித்துப்போட்டு அவன்ர நிதியத்துக்கு மாறப்போறன்."

அவரின்ர கோவம் எனக்கு விளங்குது. எனக்கு எரிச்சல் வந்தது அதுக்குக் கீழ விழுந்த பதிலுகளைப் பாத்துத்தான்.

"வில் தம்பி."

"உவங்கள் எங்கட காசைச் சுத்துறாங்கள்."

"கையில வராத காசும் ஒரு காசே?"

பரந்தனில இருக்கிற சித்தப்பாவும் ரொறன்ரோவில இருக்கிற மச்சாளும் வேற எந்த விசயத்திலயும் ஒத்துப்போய் நான் கண்டதில்லை. இதில மட்டும் ரெண்டு பேரும் ஒரே முடிவு!

நான் பள்ளிக்கூடத்தில உயர்தரப் பிள்ளையளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறனான். குறூப்பில பதில் எழுத வெளிக்கிட்டன், அது நீண்டுகொண்டே போச்சு. இந்தக் கேள்வி கன பேருக்கு இருக்கும். அதால இஞ்சயே எழுதுறன். ஆறுதலா வாசியுங்கோ.

முதல் விசயத்தை முதலே சொல்லிப்போடுறன். மச்சானின்ர காசை ஒருத்தரும் சுத்தேல்லை. அவருக்கு வரவேண்டிய பங்கிலாபம் எல்லாம் வந்துதான் இருக்கு. அது இருக்கிற இடத்தை அவர் பாக்கேல்லை, அவ்வளவுதான்.

திரையை ஒருக்கா படம் எடுத்து அனுப்பச் சொன்னன். அனுப்பினார். மேல நிதியத்தின்ர நீளமான பேர். பேரின்ர வாலில "ஏசிசி" எண்டு மூண்டெழுத்து. அதுக்குக் கீழ அவரிட்ட எத்தினை யூனிட் இருக்கு, தசமத்துக்குப் பிறகும் மூண்டு இலக்கத்தோட. அதுக்குக் கீழ ஒரு யூனிட்டின்ர இண்டைய விலை. பக்கத்தில பச்சை நிறத்தில லாப வீதம். ஆகக் கீழ, சாம்பல் நிறத்தில, "கிடைத்த டிவிடென்ட்: 0.00 யூரோ".

மனுசன் அந்த ஆகக்கீழ் வரியை மட்டும்தான் இவ்வளவு காலமும் பாத்திருக்கிறார்.

பேரின்ர முடிவில ஏசிசி எண்டு இருந்தா அது சேர்க்கிற வகை நிதியம். அந்த நிதியம் வைச்சிருக்கிற கம்பனியள் பங்கிலாபம் குடுக்கும். காசு நிதியத்தின்ர கணக்குக்கு வரும். வந்த காசை உங்களுக்கு அனுப்பாம, அதாலயே இன்னும் பங்குகள் வாங்கி உள்ள போடுவினம். "டிஸ்ட்" எண்டு முடிஞ்சா அது பகிர்ந்து குடுக்கிற வகை. அதே காசு உங்கட கணக்குக்கு வந்து விழும்.

சில நிதியங்களில ரெண்டு வகையும் இருக்கு. வான்கார்டின்ர எஃப்டிஎஸ்இ ஓல்-வேர்ல்ட் நிதியத்தைப் பாருங்கோ. பகிர்ந்து குடுக்கிற வகை 2012 இல வந்தது. சேர்க்கிற வகை 2019 இல வந்தது. உள்ள இருக்கிற பங்குகள் அதேதான், நிர்வகிக்கிற ஆக்களும் அவைதான். ஒண்டில பங்கிலாபம் வெளிய போகுது, மற்றதில உள்ளயே நிக்குது. வேற வித்தியாசம் தேடினாலும் கிடையாது.

இப்ப கணக்கு. (பயப்பிடாதேங்கோ, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.)

உங்களிட்ட 1,000 யூனிட். ஒண்டு 20 ரூபாய். மொத்தம் 20,000.

நிதியத்துக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கிலாபமா வந்து, அதுவும் அந்த 20 ரூபாய்க்குள்ளதான் கிடக்கெண்டு வையுங்கோ.

பகிர்ந்து குடுக்கிற வகையெண்டா உங்கட கையில 1,000 ரூபாய் வரும். யூனிட் விலை அண்டைக்கே 19 ரூபாயாகும். 19,000 உள்ள, 1,000 கையில. கூட்டினா 20,000.

சேர்க்கிற வகையெண்டா விலை 20 ரூபாயிலயே நிக்கும். 20,000.

கையில வந்த 1,000 ரூபாயைத் திரும்ப அதே நிதியத்தில போட்டா? 19 ரூபாய்ப்படி 52.63 யூனிட் வரும். இப்ப 1,052.63 யூனிட், ஒண்டு 19 ரூபாய். பெருக்கிப் பாருங்கோ. அதே 20,000.

அடுத்த வருசம் சந்தை 10 வீதம் ஏறினா, திரும்பப் போட்டவருக்கும் 22,000, சும்மா இருந்தவருக்கும் 22,000.

அப்ப மச்சானோட வேலை செய்யிற பெடியனுக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாறது என்ன காசு? அவன்ர சொந்தக் காசு. அவன்ர நிதியத்துக்குள்ள இருந்து எடுத்து அவன்ர கையில குடுக்கினம். குடுத்த அளவுக்கு அவன்ர யூனிட் விலை குறைஞ்சிருக்கும். அவனும் அதைப் பாத்திருக்க மாட்டான்.

இரணைமடுக் குளத்தை யோசியுங்கோ. கனகராயன் ஆறு கொண்டுவாற தண்ணி குளத்துக்கு வருது. வான்கதவைத் திறந்துவிட்டா தண்ணி பாயிறதை எல்லாரும் பாலத்தில நிண்டு பாக்கலாம், படம் எடுக்கலாம். கதவைப் பூட்டி வைச்சா பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஆனா அளவுகோலில அடி ஏறும். சேர்க்கிற நிதியத்தில யூனிட் விலைதான் அந்த அளவுகோல்.

சரி. இதில இன்னொரு குழப்பம் வரும். இதை விளங்கப்படுத்தாமத்தான் கனக்கப் பேர் விட்டுவிடுகினம். எனக்கு ஆகப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

"கம்பனி பங்கிலாபம் குடுத்த அண்டைக்கு என்ர யூனிட் விலை ஏற வேணுமெல்லோ? நான் பாத்தன், ஏறேல்லையே?"

ஏறாது. ஏனெண்டா, பங்கிலாப உரிமை கழியிற நாளில கம்பனியின்ர பங்கு விலை கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். கம்பனியின்ர பெட்டியில இருந்த காசு வெளிய போகுது, அப்ப கம்பனியின்ர பெறுமதி அவ்வளவால குறையுது. நிதியத்தின்ர ஏட்டில அதே நாளில பங்கின்ர பெறுமதி குறையும், "வரவேண்டிய பங்கிலாபம்" எண்டு ஒரு சொத்து கூடும். ஒண்டு இறங்க ஒண்டு ஏறும். மொத்தம் அசையாது. காசு வந்த நாளிலயும் அசையாது. "வரவேண்டியது" எண்டு இருந்தது "வங்கியில" எண்டு மாறும், அவ்வளவுதான். (என்ர பிள்ளையள் இதை வாசிச்சா: ரெட்டைப் பதிவு, அத்தியாயம் ஒண்டு!)

அப்ப வளர்ச்சி எங்கயிருந்து வருது?

அந்தக் காசால புதுசா வாங்கிற பங்குகளில இருந்து. 100 யூனிட் உள்ள ஒரு சின்ன நிதியம், அதுக்குள்ள ஒரே கம்பனியின்ர 100 பங்கு எண்டு நினையுங்கோ. பங்கு விலை 100 ரூபாய். 4 ரூபாய் பங்கிலாபம். விலை 96 ஆகுது. வந்த 400 ரூபாயால 96 ரூபாய்ப்படி நாலு பங்குக்குக் கொஞ்சம் கூட வாங்கலாம். இப்ப நிதியத்தில 104.17 பங்கு. யூனிட்? அதே 100 தான்.

அதாவது உங்கட ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளயும் முதல் ஒரு பங்கு இருந்தது, இப்ப ஒண்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கு. யூனிட் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தா இது தெரியவே தெரியாது.

அந்தப் பங்கு ஒவ்வொரு வருசமும் திரும்ப 100 ரூபாய்க்கு வந்து, திரும்ப 4 ரூபாய் குடுக்குதெண்டு வையுங்கோ. 20 வருசத்தில பங்கு விலை 100ஐத் தாண்டவேயில்லை. கம்பனி வளரவேயில்லை. அப்பவும் உங்கட ஒரு யூனிட்டுக்குள்ள 2.26 பங்கு இருக்கும். ரெண்டே கால் மடங்கு! ஒரு வேலையும் செய்யேல்லை, ஒரு படிவமும் நிரப்பேல்லை, திரும்ப வாங்கிற ஒவ்வொரு தரமும் தரகுக் கூலி கட்டேல்லை.

இதைக் கரும்பலகையில முதல் தரம் போட்டுக் காட்டின அண்டைக்கு வகுப்பே அமைதியா இருந்தது. பின்வாங்கில ஒரு பெடியன் மட்டும், "சேர், அப்ப நுண்கடனும் இப்பிடித்தானே ஏறினது?" எண்டு கேட்டான்.

ஓம். இப்பிடித்தான் ஏறினது.

வன்னியில கூட்டுவட்டியைத் தெரியாத வீடு இல்லை. ஆனா எங்கட சனம் அதைக் கண்டது மற்றப் பக்கத்தில நிண்டு. போர் முடிஞ்சு திரும்பி வந்த சனத்துக்கு, கூரைத் தகடு போடவும் ஆடு கோழி வாங்கவும் வீட்டு வாசலுக்கே வந்து கடன் குடுத்தாங்கள். கிழமைக்குக் கிழமை வந்து வாசலில நிண்டாங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளிவிட அரசாங்கமே திட்டம் போடவேண்டி வந்ததெண்டா யோசிச்சுப் பாருங்கோ. வட்டிக்கு வட்டி ஏறி ஒரு குடும்பத்தை விழுத்திறதைப் பாத்த எங்களுக்கு, அதே கணக்கு எங்கட பக்கமா நிண்டு வேலை செய்யேக்க மட்டும் நம்பிக்கை வருகுதில்லை. இதுதான் எனக்குக் கவலை. இதுக்காகத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுறன்.

"கையில வராத காசு காசே?" எண்டு சித்தப்பா கேட்டதை நான் குறையாச் சொல்ல மாட்டன். 2009க்கு முதல் இஞ்ச வைப்பகத்தில போட்ட காசுக்கும் அடகு வைச்ச நகைக்கும் என்ன நடந்ததெண்டு அவருக்குத் தெரியும். நெல்லு வித்த காசை முழுக்க அப்பிடிப் போட்டுத் துண்டைக் கையில வைச்சுக்கொண்டு இருந்த ஆக்கள் இப்பவும் இந்த ஒழுங்கையில இருக்கினம். கடதாசியில இருக்கிற காசை நம்பாத ஊர் இது. அதுக்குக் காரணம் இருக்கு.

ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து பங்கிலாபம் இல்லை. காசை ஆர் வைச்சிருக்கினம், ஆர் மேற்பார்வை, கேட்ட நேரம் எடுக்கலாமோ எண்டு பாக்கிறதுதான் மருந்து.

இலங்கையிலயும் யுனிட் டிரஸ்ட் இருக்கு, 1991 இல இருந்து. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு அனுமதி குடுக்குது. நிர்வகிக்கிற கம்பனி ஒண்டு, சொத்தைப் பொறுப்பில வைச்சிருக்கிற வங்கி வேற. நிர்வாகக் கம்பனி உங்கட காசைத் தன்ர பெட்டிக்குள்ள வைக்கேலாது. இந்தப் பிரிப்புத்தான் முக்கியம். கூட ஒண்டு: வங்கி வைப்புக்கு ஒராளுக்கு ஒரு வங்கியில 11 லட்சம் ரூபாய் வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு. யுனிட் டிரஸ்டுக்கு அது இல்லை. தெரிஞ்சுகொண்டு போடுங்கோ.

இஞ்சத்தையப் பணச்சந்தை நிதியங்கள் கனக்க இந்தச் சேர்க்கிற மாதிரித்தான். திறைசேரி உண்டியல், வங்கி வைப்பு எண்டு போட்டு வாற வட்டியை ஒவ்வொரு நாளும் யூனிட் விலையில ஏத்துவினம். 2022 கடைசியில 3 மாதத் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்துக்கு மேல போச்சுதெல்லோ, அந்த நேரம் இந்த யூனிட் விலை நாளுக்கு நாள் ஏறினதைப் பாத்தவைக்கு நான் சொல்லுறது உடன விளங்கும். ஒருத்தருக்கும் "வட்டி வந்திருக்கு" எண்டு குறுஞ்செய்தி வரேல்லை. விலை ஏறினது. வித்தவை ஏறின விலைக்கு வித்தவை. (அதே வருசம் செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்ப 30 வீத வட்டி எடுத்தவரும் கடைக்குப் போனா நட்டத்திலதான் நிண்டவர். அதை மறக்கப்படாது.)

யுனிட் டிரஸ்ட் எல்லாம் எனக்குப் புதுசு எண்டு சொல்லுறவைக்கு, இந்த ரெண்டு வகையும் ஏற்கனவே தெரிஞ்ச விசயம்தான். கிளிநொச்சி ஏ9 வீதியில எந்த வங்கிக்குள்ள போய் நிலையான வைப்புப் போட்டாலும் கவுன்ரரில இருக்கிற பிள்ளை முதல் கேக்கிறது என்ன? "வட்டி மாதாமாதம் வேணுமோ, முடிவில வேணுமோ?"

முடிவில எண்டா 8 வீதம் எண்டு வையுங்கோ. 1 லட்சத்துக்கு வருச முடிவில 8,000. மாதாமாதம் எண்டா வீதத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவினம். 7.72 எண்டு போட்டா மாதம் 643 ரூபாய். வருசத்துக்கு 7,720. "280 ரூபாயை வங்கி அடிச்சிட்டுது" எண்டு ஒருத்தரும் சண்டைக்குப் போறதில்லை. காசை முதலே எடுத்தா அது உள்ள நிண்டு வட்டி உழைக்காது எண்டு எங்கட ஆச்சிமாருக்கே தெரியும்.

அதையே நீட்டிப் பாருங்கோ. 1 லட்சம், வருசம் 8 வீதம், 20 வருசம். ஒவ்வொரு வருசமும் 8,000 எடுத்துச் செலவழிச்சா, எடுத்தது 1,60,000, முதல் 1,00,000. மொத்தம் 2,60,000. எடுக்காம விட்டா 4,66,000. (வரியை ரெண்டு பக்கத்திலயும் இப்போதைக்கு விட்டிட்டன்.) அந்த ரெண்டு லட்சத்துச் சொச்சம் எங்கயிருந்து வந்ததெண்டா, எடுக்காம விட்ட ஒவ்வொரு 8,000மும் உழைச்சது.

இதில ஒரு உண்மையையும் சொல்லவேணும். பங்கு நிதியத்தில இந்த 8 வீதம் எண்டு ஒருத்தரும் எழுதித் தர மாட்டினம். எம்எஸ்சிஐ உலகச் சுட்டி 2008 இல டொலர்க் கணக்கில 40 வீதம் விழுந்தது. 2022 இல 18 வீதம். சேர்க்கிற வகை எண்டதால விழாது எண்டில்லை. ரெண்டும் சேந்துதான் விழும்.

சுட்டி எண்டோன்ன ஞாபகம் வருது. ஜேர்மனியில செய்தியில சொல்லுற டாக்ஸ் சுட்டி, பங்கிலாபத்தையும் திரும்பப் போட்டதாக் கணக்கிட்டு வாறது. 1987 முடிவில 1,000 எண்டு தொடங்கி 2024 டிசெம்பரில 20,000ஐத் தாண்டினது. பங்கிலாபத்தை விட்டிட்டு வெறும் விலையை மட்டும் பாக்கிற டாக்ஸ் ஒண்டும் இருக்கு. அது இதில பாதியளவும் வரேல்லை. அதே கம்பனியள், அதே காலம். வித்தியாசம் முழுக்கப் பங்கிலாபமும் அது உழைச்சதும்.

எங்கட கொழும்புப் பங்குச்சந்தையின்ர அனைத்துப் பங்கு விலைச்சுட்டி மற்ற மாதிரி. 1985 ஐ 100 எண்டு வைச்சுத் தொடங்கினது, விலையை மட்டும் பாக்கும். பங்கிலாபத்தைச் சேர்த்த சுட்டியையும் சந்தை வெளியிடுது, ஆனா செய்தியில அதை ஆரும் வாசிக்கிறேல்லை. அதால "விலைச்சுட்டி 10 வீதம் ஏறினது, என்ர நிதியம் 12 வீதம் ஏறினது, மனேஜர் கெட்டிக்காரன்" எண்டு அவசரப்பட்டுச் சொல்லாதேங்கோ. அந்த ரெண்டு வீதத்தில பங்கிலாபம் எவ்வளவு எண்டு பாருங்கோ.

இப்ப எனக்குக் கோவம் வாற இடத்துக்கு வாறன்.

"வருசத்துக்கு இவ்வளவு வீதம் டிவிடென்ட் தாறம்" எண்டு சொல்லி நிதியம் விக்கிற ஆக்கள் இருக்கினம். இந்தியாவில இது எவ்வளவு பெரிய பிரச்சினையா வந்ததெண்டா, அங்கத்தைய ஒழுங்குபடுத்தல் சபை செபி, 2021 ஏப்ரல் முதலாம் திகதியில இருந்து மியூச்சுவல் ஃபண்டுகளின்ர "டிவிடென்ட்" திட்டம் எல்லாத்துக்கும் பேரை மாத்தச் சொல்லிப்போட்டுது. வருமானத்தோட மூலதனத்திலயும் ஒரு பகுதி திரும்பக் குடுபடலாம் எண்டது பேரிலயே தெரியவேணும் எண்டு உத்தரவு. கன சனம் அதை இலாபத்துக்கு மேல வாற இனாம் எண்டு நினைச்சு வாங்கினதுதான் காரணம். அங்க "குறோத்" எண்டு சொல்லுறது எங்கட சேர்க்கிற வகை.

ஆரும் உங்களிட்ட பங்கிலாப வீதத்தை மட்டும் சொல்லி நிதியம் விக்க வந்தா ஒண்டே ஒண்டைக் கேளுங்கோ. "அஞ்சு வருசத்துக்கு முதல் ஒரு யூனிட் என்ன விலை, இண்டைக்கு என்ன விலை, இடையில எவ்வளவு குடுத்தனியள்?" மூண்டையும் சேத்துச் சொல்லேலாட்டி தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.

பங்கிலாபம் குடுக்காட்டிக் கம்பனி சரியில்லை எண்டு நினைக்கிறவைக்கும் ஒரு செய்தி. வாரன் பஃபெட்டின்ர தலைமையில பேர்க்‌ஷயர் ஹாத்தவே 1967 இல ஒருக்கா, பங்குக்கு 10 அமெரிக்கச் சதம் பங்கிலாபமாக் குடுத்தது. அதோட நிப்பாட்டிச்சு. அதில பணக்காரரானவை எல்லாரும் பங்கு விலையாலதான் ஆனவை.

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு வரி விசயம் ஒண்டு இருக்கு. இதை மச்சானுக்குத் தனியாவும் சொன்னன்.

"காசு கையில வரேல்லை, அப்ப வரியும் இல்லை" எண்டு நினைக்கப்படாது. ஜேர்மனியில 2018 இல இருந்து, சேர்க்கிற நிதியத்துக்கும் வருசா வருசம் ஒரு உத்தேசத் தொகைக்கு முற்கூட்டியே வரி எடுக்கினம். புதுவருசத்தோட வங்கியே கழிச்சுக்கொள்ளும். விக்கேக்க அந்தத் தொகையை லாபத்தில கழிச்சுவிடுவினம், அப்ப ரெண்டு தரம் கட்டுறதில்லை. தனியாள் ஒருத்தருக்கு வருசம் 1,000 யூரோ வரைக்கும் முதலீட்டு வருமானம் வரி இல்லாமப் போகும். அதுக்கு வங்கியில படிவம் குடுத்திருக்க வேணும். (மச்சான் குடுக்கேல்லை. டிவிடென்ட் வரேல்லை எண்டு கத்தினவர் இதைப் பற்றி மூச்சே விடேல்லை. உண்மையான நட்டம் இதுதான் தம்பி!)

லண்டனில ஐசா கணக்குக்குள்ள இருந்தா எந்த வகையெண்டாலும் வரிப் பிரச்சினை இல்லை, வருசம் 20,000 பவுண்ஸ் வரைக்கும் போடலாம். வெளிய இருந்தா, சேர்த்த பங்கிலாபத்துக்கும் கையில வாங்கினது மாதிரியே வரி. விக்கிற நேரம் அந்தச் சேர்த்த தொகையை வாங்கின விலையோட கூட்டிக் காட்ட மறந்தா, கட்டின வரியையே திரும்பக் கட்டுவியள். சுவிசிலயும் சேர்த்த பங்கிலாபம் வருமானம்தான். கனடாவில உள்ளயே திரும்பப் போட்டதை உங்கட கொள்விலையில ஏத்த மறக்காதேங்கோ. எந்த நாடெண்டாலும் வருசா வருசம் நிதியம் தாற வரி அறிக்கையை எறியாதேங்கோ.

அயர்லாந்தில பதிஞ்ச நிதியங்களை ஐரோப்பாவில ஏன் எல்லாரும் சொல்லுகினம் எண்டு கேட்டியள் எண்டா: அமெரிக்கக் கம்பனியள் குடுக்கிற பங்கிலாபத்தில அமெரிக்கா வழமையா 30 வீதம் பிடிக்கும். அயர்லாந்தோட உள்ள உடன்படிக்கையால அது 15 வீதமாக் குறையுது. அது சேர்க்கிற வகைக்கும் பகிர்ந்து குடுக்கிற வகைக்கும் ஒண்டுதான். அந்த வரி நிதியத்துக்கு வாறதுக்கு முதலே போயிடும்.

அப்ப பகிர்ந்து குடுக்கிற வகை ஒருத்தருக்கும் வேண்டாமோ?

வேணும். தருமபுரத்தில இருக்கிற என்ர பெரியம்மாவுக்கு வேணும். பெரியப்பா இல்லை, ஓய்வூதியம் இல்லை. மாதம் முடிய மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் காசு வேணும். அவ "20 வருசத்தில எவ்வளவு வரும்?" எண்டு கேக்கிற ஆள் இல்லை. அவவுக்கு மாத வட்டி நிலையான வைப்புத்தான் சரி. அதை மாத்தச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். "சேர்க்கிற நிதியத்தில போட்டு மாதாமாதம் கொஞ்ச யூனிட்டை விக்கலாமே" எண்டு படிச்ச பெடியள் சொல்லுவினம். கணக்குச் சரி. ஆனா சந்தை விழுந்த மாதம் பெரியம்மா இறங்கின விலைக்கு வித்து மருந்து வாங்க வேணும். 70 வயசில அந்தத் தலையிடி எதுக்கு?

மச்சானுக்கு 34 வயசு. வேலை இருக்கு, சம்பளம் வருது. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா 60 யூரோ வந்தா அது எங்க போகுமெண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆரோ ஒருத்தரின்ர சாமத்தியவீட்டுக்குப் போகும். பிழையில்லை, போகத்தான் வேணும், ஆனா அதைச் சம்பளத்தில குடுக்கட்டும். கிடக்கிறது கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப வித்தா வந்த லாபத்துக்கு வரியும் கட்டி, புதுசா வாங்கத் தரகும் கட்டி, அதே பங்குகளைத்தான் திரும்ப வாங்குவார்.

ஆனா சேர்க்கிற வகையில ஒரு உண்மையான பிரச்சினை இருக்கு. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதைக் காணேல்லை.

பங்கிலாபம் வந்தா வங்கிக் கணக்கில ஒரு வரி விழும். கடிதம் வரும். வீட்டில மனிசி பிள்ளையள் "இது என்ன காசு?" எண்டு கேப்பினம். இப்பிடி ஒண்டு இருக்கெண்டு நாலு பேருக்குத் தெரியவரும். சேர்க்கிற நிதியத்தில ஒண்டும் வராது. எல்லாம் ஒராளின்ர கைபேசிக்குள்ள. அந்த ஆளுக்கு ஒண்டு நடந்தா, 20 வருசமா வளர்ந்த காசு இருக்கெண்டே வீட்டுக்குத் தெரியாமப் போகலாம். இலங்கையில 10 வருசம் தொடாமக் கிடக்கிற வங்கி வைப்புகள் மத்திய வங்கிக்குப் போறது எல்லாருக்கும் தெரியும். அதில எங்கட பக்கத்துச் சனத்தின்ர காசு எவ்வளவு கிடக்குமெண்டு நான் அடிக்கடி நினைக்கிறனான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் சொப்பின் பையில கட்டிக் கொண்டுபோன வங்கிப் புத்தகங்களில எத்தினை திரும்பி வந்தது?

அதால இதை இண்டைக்கே செய்யுங்கோ. யுனிட் டிரஸ்ட் திறக்கேக்க முடிஞ்சா ரெண்டு பேரின்ர பேரில திறவுங்கோ, இல்லாட்டி உரித்தாளியின்ர பேரைப் பதியுங்கோ. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள், உங்களுக்குப் பிறகும் செல்லுபடியாகிற மாதிரி துணைக்கு அதிகாரம் குடுக்கிற படிவம் இருக்கோ எண்டு வங்கியிட்டக் கேளுங்கோ. நிதியத்தின்ர முழுப் பேர், வைச்சிருக்கிற வங்கி அல்லது தரகு நிறுவனம், கணக்கு இலக்கம், வாங்கத் தொடங்கின வருசம். இவ்வளவையும் ஒரு தாளில எழுதி வீட்டில இன்னொராளுக்குக் காட்டுங்கோ. கடவுச்சொல்லை மட்டும் அதில எழுதாதேங்கோ.